நெடுங்கோட்டை

நெடுங்கோட்டை என்பது 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு தன் வட எல்லையைக் காப்பதற்காக எழுப்பிய நீண்ட மண் அரண் ஆகும். கொடுங்கல்லூருக்கு அருகே அரபிக் கடலோரத்துக் காயல் பகுதியில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆனைமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 30 மைல் (48 கிலோமீட்டர்) தொலைவுக்கு இது சென்றது. அகழி, மூங்கில் வேலி, மண்மதில், காவற்கொத்தளங்கள் ஆகியவை இதன் உறுப்புகளாக இருந்தன. 1789ஆம் ஆண்டு டிசம்பரில் திப்பு சுல்தான் இவ்வரணைத் தாக்கியதே மூன்றாம் ஆங்கில-மைசூர்ப் போருக்கு உடனடிக் காரணமாயிற்று. 1790இல் திப்புவின் படைகள் இதனை உடைத்து அழித்தன. இதன் வழித்தடம் இன்றைய கேரள மாநிலத்தின் திருச்சூர், எறணாகுளம் மாவட்டப் பகுதிகளில் அமைகிறது.

பெயர்

கோட்டை என்னும் சொல் பொதுவாக நாற்புறமும் மதில் சூழ்ந்த ஓர் இடத்தையே நினைவூட்டும். நெடுங்கோட்டை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இது எந்த நகரையும் அரண்மனையையும் சூழ்ந்து நிற்கவில்லை. ஒரு நாட்டின் விளிம்பில் நீட்டி இழுக்கப்பட்ட கோடு போன்றது. 'நெடும்' என்னும் அடைமொழி இந்த வேறுபாட்டையே சுட்டுகிறது. ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் இதனை 'திருவிதாங்கூர் லைன்ஸ்' என்று குறித்தனர். படைத்துறை வழக்கில் 'லைன்ஸ்' என்பது தொடர்ச்சியாக அமைந்த அரண்வரிசையைக் குறிக்கும். தமிழில் இதனை 'எல்லை அரண்' எனலாம்.

பின்னணி

மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் (1729–1758) வேணாடு என்னும் சிறு நாடு, அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு கொச்சியின் எல்லை வரை பரந்த திருவிதாங்கூர் அரசாக வளர்ந்தது. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர், தர்மராஜா என அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் (1758–1798). அக்காலத்தில் கோழிக்கோட்டுச் சாமூதிரி கொச்சி அரசின் பெரும்பகுதியைக் கைப்பற்றி வைத்திருந்தார். தனித்து நின்று எதிர்க்க இயலாத கொச்சி மன்னர் 1761ஆம் ஆண்டு திருவிதாங்கூருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த ஆண்டிலேயே திருவிதாங்கூர்ப் படை சாமூதிரியின் படைகளைக் கொச்சி நாட்டிலிருந்து வெளியேற்றியது. இவ்வுதவிக்கு ஈடாக ஆலங்காடு, பரவூர் ஆகிய பகுதிகள் திருவிதாங்கூருக்குக் கிடைத்தன.

நெடுங்கோட்டை எழுப்பப்பட்டது இச்சூழ்நிலையில்தான். வடக்கிலிருந்து மீண்டும் ஒரு படையெடுப்பு வராமல் தடுப்பதே அதன் நோக்கம். தொடக்கத்தில் அஞ்சப்பட்ட பகைவர் சாமூதிரியே ஆவார். ஆனால் 1766இல் ஐதர் அலி மலபாரைக் கைப்பற்றியதும் நிலைமை முற்றிலும் மாறியது. நாயர்ப் படைகளை எதிர்நோக்கித் தொடங்கப்பட்ட அரண், தென்னிந்தியாவின் வலிமைமிக்க குதிரைப்படையையும் பீரங்கிப்படையையும் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

அரண் பணிகளை வகுத்தவர் யூஸ்டாச்சியஸ் டி லனாய். இவர் 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் ஒல்லாந்தர் தரப்பில் நின்று திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டவர். பின்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் சேர்ந்து, படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்துத் தளபதியாக உயர்ந்தார். மக்கள் இவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர். திருவிதாங்கூரின் தளவாய் ஐயப்பன் மார்த்தாண்ட பிள்ளையும் கட்டுமானப் பணியில் முதன்மைப் பங்கு வகித்தார்.

அமைப்பு

அரணின் வெளிப்புறத்தில், அதாவது வடபுறத்தில், ஏறத்தாழ 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட அகழி வெட்டப்பட்டிருந்தது. அதனையொட்டி அடர்த்தியான மூங்கில் வேலி வளர்க்கப்பட்டது. வேலிக்குப் பின்னால் மண்மதிலும், அதன் மேல் படைவீரர் மறைந்து நின்று சுடுவதற்கான கைப்பிடிச் சுவரும் இருந்தன. அகழியில் தோண்டிய மண்ணைக் கொண்டே மதிலை எழுப்புவது இவ்வகை அரண்களின் பொது முறையாகும். ஆகவே அகழி ஆழமாகும் அளவுக்கு மதிலும் உயரும். மேடான இடங்களில் கொத்தளங்கள் அமைந்தன. ஒரு கொத்தளத்திலிருந்து சுட்டால், அடுத்த கொத்தளத்தின் முன் வரும் பகைவரைப் பக்கவாட்டில் தாக்கலாம் என்னும்படி அவை இடம்விட்டு வைக்கப்பட்டிருந்தன. கொத்தளங்களின் இடத்தேர்வில் டி லனாயின் ஐரோப்பியப் பயிற்சி தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் மூங்கில் வேலியும் அகழியும் இந்நாட்டின் பழைய முறைகளே.

திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், மண், மலை, காடு ஆகிய நான்கையும் கொண்டதே அரண் என்கிறது. பழந்தமிழர் கோட்டையைச் சூழ்ந்து வளர்த்த காவற்காட்டை 'மிளை' என்றனர். நெடுங்கோட்டையை இவ்விலக்கணத்தோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. அதன் மேற்கு முனையில் காயலும் கடலும், கிழக்கு முனையில் ஆனைமலைக் காடுகளும் காவலாக நின்றன. இடைப்பட்ட வெளியை மட்டுமே மண்ணாலும் மூங்கிலாலும் அடைக்க வேண்டியிருந்தது. தமிழகத்துக் கோட்டைகள் பலவற்றிலும் இயற்கையை இவ்வாறு துணைகொள்ளும் முறையைக் காணலாம். செங்கல்பட்டுக் கோட்டை ஏரியையும் சேற்று நிலத்தையும் பக்கக் காவலாகக் கொண்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இத்தகைய அரணுக்கு ஒரு பெரிய குறை உண்டு. 30 மைல் நீளத்துக்கும் ஒரே அளவில் காவல் வைப்பது எந்த அரசுக்கும் எளிதன்று. பகைவர் ஓரிடத்தில் நுழைந்துவிட்டால் மீதமுள்ள மதில் முழுவதும் பயனற்றதாகிவிடும். நெடுங்கோட்டையின் கதையில் இது இருமுறை நிகழ்ந்தது. முதல் முறை காவலர் தப்பினர். இரண்டாம் முறை தப்பவில்லை.

எல்லைப் பிணக்கு

நெடுங்கோட்டையின் ஒரு பகுதி கொச்சி நாட்டு நிலத்தின் வழியே சென்றது. கட்டப்பட்ட காலத்தில் இது சிக்கலாகத் தோன்றவில்லை. கொச்சிக்கும் அதனால் பாதுகாப்பே கிடைத்தது. ஆனால் 1776இல் கொச்சி மைசூருக்குத் திறை செலுத்தும் நாடாக ஆயிற்று. அதன் பின்னர், தனக்குக் கீழ்ப்பட்ட நாட்டின் மண்ணில் வேறொரு மன்னர் மதில் எழுப்பி வைத்திருப்பது முறையன்று என்று மைசூர் வாதிட்டது. கொச்சி மைசூருக்குக் கட்டுப்படுவதற்கு முன்பே அரண் எழுப்பப்பட்டது என்றும், அந்நிலம் கொச்சி மன்னரின் இசைவுடன் பெறப்பட்டது என்றும் திருவிதாங்கூர் மறுமொழி கூறியது. இரு தரப்பு வாதங்களிலும் ஓரளவு நியாயம் உண்டு. எல்லைக்கோட்டை எல்லையின் மேல் இல்லாமல் பிறர் நிலத்தினுள் அமைந்ததே பிணக்கின் வேர் எனலாம்.

வேறு இரு காரணங்களும் சேர்ந்துகொண்டன. மலபாரில் திப்புவின் ஆட்சியை எதிர்த்த அரச குடும்பத்தினரும் நாயர் தலைவர்களும் பொதுமக்களும் பெருந்தொகையாகத் திருவிதாங்கூரில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு திப்பு கேட்டார். தர்மராஜா இணங்கவில்லை. அடுத்து, நெடுங்கோட்டையின் மேற்கு முனையைக் காத்து நின்ற கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் 1789 சூலையில் திருவிதாங்கூர் ஒல்லாந்தரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அவ்விரு கோட்டைகளும் கொச்சி மன்னரின் நிலத்தில் உள்ளவை, அவற்றை விற்க ஒல்லாந்தருக்கு உரிமை இல்லை என்பது திப்புவின் நிலைப்பாடு. கோட்டைகளைத் திருப்பித் தரவும், கொச்சி நிலத்தில் உள்ள அரண்பகுதியை இடிக்கவும் அவர் கோரினார்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலை இதில் தெளிவற்றதாக இருந்தது. 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் மன்னர் கம்பெனியின் நண்பராகக் குறிக்கப்பட்டிருந்தார். கம்பெனிப் படைப்பிரிவுகளும் திருவிதாங்கூரின் செலவில் ஆயக்கோட்டைப் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்தன. ஆனால் சென்னை ஆளுநர் ஜான் ஆலண்ட், கோட்டைகளை வாங்கியதை ஏற்காமல், அவற்றை ஒல்லாந்தரிடமே திருப்பித் தருமாறு அறிவுறுத்தினார். திருவிதாங்கூர் தாக்கப்பட்டால் அதனைப் போராகவே கொள்ள வேண்டும் என்பது தலைமை ஆளுநர் காரன்வாலிசின் கருத்து. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையிலான இந்த முரண்பாடு திப்புவுக்குத் துணிவைத் தந்திருக்கக்கூடும்.

1789 டிசம்பர்த் தாக்குதல்

1789 டிசம்பர் 28ஆம் நாள் இரவு திப்புவின் படையில் ஒரு பெரும் பிரிவு புறப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் அரணின் கிழக்குப் பகுதியில், காவல் குறைவாக இருந்த ஓரிடத்தின் வழியே உட்புகுந்தது. பின்னர் மதிலின் உட்புறமாகவே மேற்கு நோக்கி நகர்ந்து காவலர்களை விரட்டியது. வாயிலைக் கைப்பற்றித் திறந்துவிட்டால் முதன்மைப் படை முழுவதும் உள்ளே வரலாம் என்பது திட்டம். திப்புவும் முன்னணியில் இருந்தார்.

திருவிதாங்கூர் வீரர்கள் ஓரிடத்தில் நிலைகொண்டு எதிர்த்தனர். அப்போது ஏறத்தாழ 20 பேர் கொண்ட ஒரு சிறு குழு புதர் மறைவிலிருந்து மைசூர்ப் படையின் பக்கவாட்டில் சுட்டது. முன்னணியில் ஏற்பட்ட குழப்பம் விரைவில் பின்னால் பரவியது. குறுகிய மதில் வழியில் முன்னே சென்றவர்கள் திரும்பி ஓட, பின்னே வந்தவர்கள் நெருக்க, பலர் அகழியில் விழுந்து மிதிபட்டு இறந்தனர். எதிரியைத் தடுப்பதற்கு வெட்டப்பட்ட அகழி, உள்ளே வந்துவிட்ட எதிரி வெளியேறுவதையும் அவ்வாறே தடுத்தது. திப்பு உயிர் தப்பினார். அவருடைய பல்லக்கு, முத்திரைகள், வாள் முதலியவை திருவிதாங்கூர் வசமாயின. இப்போரில் வைக்கம் பத்மநாப பிள்ளை என்னும் தளபதி புகழ் பெற்றதாகக் கேரள மரபு கூறுகிறது.

திப்பு சென்னை அரசுக்கு எழுதிய மடலில் இந்நிகழ்வைத் திட்டமிட்ட தாக்குதலாகக் கூறவில்லை. தப்பியோடியவர்களைத் தேடிச் சென்ற தம் வீரர்கள் மீது திருவிதாங்கூரார் முதலில் சுட்டதாகவும், தம் ஆட்கள் எதிர்த்தாக்குதல் நடத்தியதாகவும், தாம் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதாகவும் அதில் விளக்கம் தரப்பட்டது. காரன்வாலிசு இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

வீழ்ச்சி

முதல் தாக்குதலின் பாடத்தைத் திப்பு நன்கு உணர்ந்தார். சீரங்கப்பட்டணத்திலிருந்தும் பிற கோட்டைகளிலிருந்தும் பெரிய முற்றுகைப் பீரங்கிகளை வரவழைத்தார். 1790 மார்ச்சில் தாக்குதல் மீண்டும் தொடங்கியது. இம்முறை மறைவாக நுழையும் முயற்சி இல்லை. பீரங்கிமேடைகள் அமைத்து மதிலைத் தொடர்ந்து அடித்து நொறுக்கினர். ஏப்ரல் நடுவில் முக்கால் மைல் அளவுக்கு மதில் சரிந்து வழி திறந்தது. திருவிதாங்கூர்ப் படை பின்வாங்கியது. அருகில் இருந்த கம்பெனிப் படைப்பிரிவுகள், தமக்குக் கட்டளை இல்லை என்னும் காரணத்தால் போரில் ஈடுபடவில்லை.

அடுத்து திப்பு செய்த வேலை அரணைத் தரைமட்டமாக்குவது. மதிலை இடித்து அகழியில் தள்ளித் தூர்த்தனர். தோண்டிய மண் தோண்டிய இடத்துக்கே திரும்பியது என்பதால், கல் மதில்களைப் போல இடிபாட்டுக் குவியல்கள் எஞ்சவில்லை. மே மாதத்தில் கொடுங்கல்லூர்க் கோட்டையும் வீழ்ந்தது. மைசூர்ப் படை ஆலுவா வரை முன்னேறியது. அதற்குள் பருவமழை தொடங்கிப் பெரியாறு பெருக்கெடுத்தது. ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளியில் படை திரட்டும் செய்தியும் வந்தது. மே மாத இறுதியில் திப்பு திரும்பிச் சென்றார். திருவிதாங்கூரின் தென்பகுதியை அவரால் அடைய முடியவில்லை.

அரண் வீழ்ந்தது உண்மையே. எனினும் டிசம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மூன்றரை மாதங்கள் அது திப்புவை நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியிலேயே மழைக்காலமும் ஆங்கிலேயப் படையும் அணுகின. இதைக் கருதினால் நெடுங்கோட்டை வீண்முயற்சி என்னும் கூற்று ஏற்கத்தக்கதன்று.

விளைவுகள்

மூன்றாம் மைசூர்ப் போரின் முதல் கட்டம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. சென்னையின் புதிய ஆளுநரான தளபதி மெடோசின் படை 1790ஆம் ஆண்டில் கரூர், தாராபுரம், கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகிய இடங்களைப் பிடித்தது. 1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் ஏறத்தாழ பாதியை இழந்தார். மலபார், திண்டுக்கல், இன்றைய சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் ஆகியவை கம்பெனியின் ஆட்சிக்கு வந்தன. கொடுங்கல்லூருக்கு அருகே ஒரு மண்மதில் பற்றி எழுந்த வழக்கின் முடிவில், அம்மதிலைக் கண்டிராத கிருட்டிணகிரிப் பக்கத்து உழவர்களின் நிலவரி கம்பெனிக்குப் போகலாயிற்று.

திருவிதாங்கூருக்கும் இதில் நன்மையே கிட்டியது எனக் கூறவியலாது. போர்ச் செலவில் ஒரு பகுதியைக் கம்பெனி அதனிடம் கேட்டுப் பெற்றது. 1795இலும் 1805இலும் ஏற்பட்ட உடன்படிக்கைகள் திருவிதாங்கூரைப் படிப்படியாகக் கம்பெனியைச் சார்ந்த நாடாக்கின. 1805ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டியதாயிற்று.

தெற்கு அரண்

திருவிதாங்கூருக்குத் தெற்கிலும் ஓர் எல்லை அரண் இருந்தது. இது இன்றைய தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய், திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் வாயில். அக்கணவாயின் மலைச்சரிவுகளிலிருந்து கடற்கரையில் உள்ள வட்டக்கோட்டை நோக்கி மதில்களும் சிறு கொத்தளங்களும் கொண்ட அரண்வரிசை அமைக்கப்பட்டது. வட்டக்கோட்டை மட்டும் கருங்கல்லால் ஆனது. அதனைத் தற்போதுள்ள வடிவில் அமைத்தவரும் டி லனாயே.

1809இல் வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது இத்தெற்கு அரண் போர்க்களமாயிற்று. கர்னல் செயிண்ட் லெகரின் படை பாளையங்கோட்டை வழியாக வந்து கணவாயின் முன் நின்றது. நேராகத் தாக்குவது கடினம் எனக் கண்டு, மேஜர் வெல்சு தலைமையில் ஒரு பிரிவு இரவில் தென்பக்கத்து மலைமேல் ஏறியது. பிப்ரவரி 10ஆம் நாள் காலையில் அரண் கைப்பற்றப்பட்டது. உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் அம்மாதத்திலேயே பணிந்தன. நெடுங்கோட்டையின் முதல் தாக்குதலைப் போலவே இங்கும் பகைவர் மதிலை உடைக்கவில்லை, மதில் மலையோடு சேரும் முனையைத் தேடிச் சென்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் இவ்வரண் அழிக்கப்பட்டது. இன்று கணவாயின் முப்பந்தல் பகுதியில் காற்றாலைகளே மிகுதியாகக் காணப்படுகின்றன.

பிற எல்லை அரண்களுடன் ஒப்பீடு

நீண்ட மண் அரண்களால் எல்லையைக் குறிக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. பிரித்தானியாவில் 8ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டு மன்னர் ஆபா, வேல்சு நாட்டினருக்கு எதிராக எழுப்பிய 'ஆபாவின் கரை' இவற்றுள் புகழ் பெற்றது. இதிலும் பகைவர் பக்கமாக அகழியும் தன் பக்கமாக மண்கரையும் உள்ளன. ஆனால் கரைநெடுக நிலைப்படை இருந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே அது போர் அரணா, எல்லை அடையாளமா என்பது அறிஞரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. கேம்பிரிட்ச்சயரில் உள்ள 'சாத்தானின் கரை' ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடையது. இவற்றுக்கு முன்னரே உரோமர் கிபி 122இல் தொடங்கிய ஆதிரியன் சுவரும், அதற்கு வடக்கே பெரும்பாலும் புல்கரணைகளால் எழுப்பிய அன்டோனைன் சுவரும் உண்டு. காவற்கொத்தளமும் நிலைப்படையும் கொண்ட வகையில் நெடுங்கோட்டை ஆபாவின் கரையைவிட உரோமர் சுவர்களையே ஒத்தது. கட்டுபொருளில் மட்டும் அது ஆபாவின் கரைக்கு நெருக்கமானது.

சோழமண்டலக் கரையில் புதுச்சேரியைச் சூழ்ந்து பிரெஞ்சுக்காரர் வளர்த்த எல்லை வேலி வேறொரு வகை. கற்றாழையும் முட்செடிகளும் தென்னையும் பனையும் கலந்து அடர்ந்த அவ்வேலியைக் குதிரைப்படையால் கடக்க முடியாது. அதன் பாதைகளில் அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர்ச் சாலைகள் முதலியவற்றைக் காக்கும் காவலரண்கள் இருந்தன. 1760 செப்டம்பரில் ஆங்கிலேயர் இவ்வேலியைக் கைப்பற்றினர். 1761 சனவரியில் நகரம் சரணடைந்தது. வட இந்தியாவில் உப்புக் கடத்தலைத் தடுப்பதற்கு ஆங்கிலேயர் வளர்த்த சுங்கவேலி இவை எல்லாவற்றையும்விட நீளமானது. அது 1879இல் கைவிடப்பட்டது. அங்கே பகைவராகக் கருதப்பட்டவர் படைவீரர் அல்லர், ஒரு மூட்டை உப்பைத் தலையில் சுமந்து வந்த ஏழை மக்கள்.

எச்சங்கள்

நெடுங்கோட்டையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வழித்தடத்தில் வீடுகளும் தோப்புகளும் சாலைகளும் வந்துவிட்டன. ஊர்ப்பெயர்களே இன்று முதன்மைச் சான்றுகள். மேற்கு முனையில் கிருஷ்ணன்கோட்டை, சாலக்குடி வட்டாரத்தில் கோட்டைமுறி போன்ற பெயர்கள் வழங்குகின்றன. கோட்டை முறிந்த இடம் ஆதலால் கோட்டைமுறி என்பர். ஆனால் 'முறி' என்பதற்கு நிலப்பிரிவு என்னும் பொருளும் மலையாளத்தில் உண்டு. ஆகவே பெயரை மட்டும் கொண்டு உடைப்பு நிகழ்ந்த இடத்தை உறுதிசெய்தல் கூடாது.

தெற்கில் எச்சங்கள் கூடுதலாக உள்ளன. வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது நாஞ்சில் நாடு அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இதனால் ஒரே அரசு எழுப்பிய இரு அரண்களில் வடக்கில் உள்ளது கேரளத்திலும் தெற்கில் உள்ளது தமிழ்நாட்டிலும் அமைந்துவிட்டன. இரண்டையும் வகுத்த டி லனாய் 1777இல் இறந்தார். நெடுங்கோட்டை தாக்கப்பட்டதை அவர் காணவில்லை. அவரது கல்லறை, தக்கலைக்கு அருகில் உதயகிரிக் கோட்டையினுள் உள்ள சிதைந்த தேவாலயத்தில் இருக்கிறது. அதன் மேல் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன.